வீட்டில் இருந்து கேட்பவரும் உங்கள் ரசிகரே: சென்னை சபா நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய சபா நிர்வாகிகளுக்கு,

மார்கழிக் கச்சேரிகளுக்கான பட்டியலை நீங்கள் முடிவு செய்யும் வேளையில் இதை எழுதுகிறேன். எந்த வித்வானுக்கு மாலை ஆறரை மணி, யாருக்கு நாலு மணி, யாருக்கு யார் பக்கவாத்தியம் என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, ‘இந்த வருஷம் நேரலை வேண்டுமா, வேண்டாமா’ என்ற பேச்சு வரும். வந்தால் உண்டு, வராமலே போனாலும் போகும். அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளிக்கூட ஆசிரியை. இங்கிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம். உங்கள் சீசன் சூடுபிடிக்கும் டிசம்பர் நடுவில்தான் எங்களுக்கு அரையாண்டுத் தேர்வு. அது முடிந்து லீவு விடும்போது பாதிக் கச்சேரிகள் ஆகிவிட்டிருக்கும். மீதிக்குக் கிளம்பலாம் என்றால் ரயிலில் இடம் இருக்காது. எப்படியோ வந்து சேர்ந்தாலும் தங்க ஒரு வீடு வேண்டும், விடியற்காலையில் வரிசையில் நின்று அன்றைய டிக்கெட்டைப் பிடிக்கத் தெம்பு வேண்டும். உங்களில் பலர் மயிலாப்பூரிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் தியாகராய நகரிலும் இருந்துகொண்டு சபாவை நடத்துகிறீர்கள். ஆட்டோ பிடித்தால் மண்டபம். தமிழ்நாட்டின் மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் முடிவெடுக்கும் மேஜையில் அது நினைவுக்கு வருவதில்லை.

என் அத்தை ஒரு காலத்தில் டிசம்பர் மாதம் முழுக்க மயிலாப்பூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் லெக்டெமோ, மதியம் இலவசக் கச்சேரி, சாயங்காலம் டிக்கெட் கச்சேரி என்று ஓடியவள். இப்போது முட்டி மடங்காது. பால்கனி படி ஏறுவது இருக்கட்டும், சபா வாசல் படியே அவளால் முடியாது. நேரலை ஓடும் நாளில் ஐந்தரை மணிக்கே தலை வாரி, வேறு புடவை மாற்றி, டிவிக்கு எதிரே நாற்காலியைப் போடச் சொல்லுவாள். வித்வான் ஆலாபனையில் முதல் பிடி பிடித்ததும் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். திரையில் எழுத்து வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு பிடிவாதம். நிரவலில் ஓர் இடம் நன்றாக வந்துவிட்டால் நாற்காலிக் கையைத் தட்டி, ‘பேஷ்’ என்பாள். இவளை ரசிகர் கணக்கில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா? உங்கள் மண்டபத்துக் கணக்கில் அவள் இல்லை. அவள் போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

உங்கள் சபாக்கள் எப்படித் தோன்றின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நினைவூட்டுகிறேன். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாதமி பிறந்தது. அரண்மனையிலும் கோயிலிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணப் பந்தலிலும் இருந்த சங்கீதத்தை, டிக்கெட் வாங்கிக்கொண்டு எவரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆக்கியவை சபாக்கள். அன்றைக்கு அது பெரிய காரியம். 1943-ல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கியபோது, கேட்பவருக்குப் புரியும் மொழியில் பாடுங்கள் என்ற கோரிக்கை மேடை ஏறியது. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையோரம் விழா எடுத்து, கர்நாடக சங்கீதத்தை மீனவர் குப்பத்துக்கே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள். இந்தத் தலைமுறையில் அந்த வேலை உங்களிடம் வந்திருக்கிறது. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. அந்தப் பெருமையில் எங்கள் ஊர்களுக்கும் பங்கு உண்டு. பாடுகிறவர்களிலும் வாசிக்கிறவர்களிலும் பலர் தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, பாலக்காட்டு வேர்களோடு வந்தவர்கள்தானே.

2020 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. சபாக்களின் கூட்டமைப்பு ஒன்றுசேர்ந்து இணையத்தில் மார்கழியை நடத்திக் காட்டியது. அகாதமியும் அந்த வருஷம் திரையில்தான் விழா எடுத்தது. எங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட மார்கழி தெரியுமா? ஊரே துக்கத்திலும் பயத்திலும் இருந்த மாதத்தில், பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உங்கள் சீசன் முதல் தடவையாக முழுசாகக் கிடைத்தது. அதை நடத்திய உங்களுக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரியது.

மண்டபங்கள் திறந்ததும் என்ன நடந்தது? சிலர் நேரலையைத் தொடர்ந்தீர்கள். அவர்களுக்கு வணக்கம். சிலர் அதைப் பேருக்கு வைத்துக்கொண்டீர்கள். சிலர் ஆபத்துக் காலத்து ஏற்பாடு முடிந்தது என்று மூட்டை கட்டிவிட்டீர்கள். எங்கள் முட்டிவலியும் அரையாண்டுத் தேர்வும் ரயில் டிக்கெட்டும் கொரோனாவோடு வந்தவை அல்ல. கொரோனாவோடு போகவும் இல்லை.

‘யூடியூபில் ஆயிரம் கச்சேரி கிடக்கிறதே, கேட்டுக்கொள்ளுங்களேன்’ என்று ஒரு நிர்வாகி என்னிடமே சொன்னார். கிடக்கிறது, கேட்கவும் செய்கிறோம். ஆனால் நம் சங்கீதத்தில் பாதிக்கு மேல் மேடையில் அந்த நிமிஷத்தில் பிறப்பது. ஆலாபனை எந்தப் பக்கம் திரும்பும், நிரவலுக்கு எந்த வரியை எடுப்பார், ஸ்வரத்தில் என்ன கணக்கு போடுவார், வயலின்காரர் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்பது பாடுகிறவருக்கே முழுசாகத் தெரியாது. தெரியாத ஒன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் எங்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவருகிறது. பதிவு ஓடினால் குக்கர் சத்தத்துக்கு எழுந்து போகிறோம், நிறுத்தி வைக்கிறோம், நாளைக்குப் பார்க்கலாம் என்கிறோம். நேரலை என்றால் சமையலை ஐந்து மணிக்கே முடித்துவிடுகிறோம்.

ஆகவே ‘நேரலை’ என்று போட்டுவிட்டு, ஆளில்லாத அரங்கில் முன்பே பிடித்து வைத்ததை ஓட்டாதீர்கள். 2020-ல் அதற்கு நியாயம் இருந்தது. அப்போதே வித்வான்கள் கஷ்டப்பட்டது திரையில் தெரிந்தது. ஒரு கோர்வை முடிந்து ‘சபாஷ்’ கேட்க வேண்டிய இடத்தில் வெறும் மௌனம். பக்கவாத்தியக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். நிறைந்த மண்டபத்தில் நடக்கும் கச்சேரி, அந்தக் கைதட்டலோடும் தாளம் போடும் தொடைச் சத்தத்தோடும் எங்களுக்கு வேண்டும். மண்டபம் நிறைய வேண்டும் என்று உங்களைவிட நாங்கள்தான் அதிகம் விரும்புகிறோம்.

இங்கேதான் உங்கள் பெரிய பயம் வருகிறது. வீட்டுக்கே அனுப்பிவிட்டால் யார் மண்டபத்துக்கு வருவார்கள்? பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். சபா நடத்துவது எவ்வளவு கஷ்டம், நன்கொடைக்கு எத்தனை வாசல் ஏற வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் சேப்பாக்கத்தில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தைப் படுக்கையில் சாய்ந்தபடி டிவியில் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் டிக்கெட்டுக்கு அடிதடி. வீட்டில் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மூளுகிறது.

வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பிறகு கச்சேரிகளைச் சபா மேடையிலிருந்தே அஞ்சல் செய்தார்கள். திருவையாற்றில் பகுள பஞ்சமியன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்ன கீர்த்தனங்களைச் சேர்ந்து பாடுவதை வானொலியும் தூர்தர்ஷனும் நேரடியாக ஒலிபரப்பி வருகின்றன. அதனால் காவிரிக்கரையில் கூட்டம் குறைந்துவிட்டதா? வானொலியில் கேட்டுச் சொக்கிப்போனவர்கள்தான் ஒரு வருஷமாவது அந்தப் பந்தலில் உட்கார வேண்டும் என்று திருவையாற்றுக்குக் கிளம்பினார்கள். என் அத்தை சங்கீதத்துக்குள் வந்ததே வானொலி வழியாக. பிறகுதான் அவள் உங்கள் வாசலுக்கு வந்தாள்.

வெளிநாட்டிலும் யாரும் இதைப் பார்த்துப் பயப்படவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா 2006 முதல் தன் மேடையிலிருந்து சினிமா தியேட்டர்களுக்கு நேரலை அனுப்புகிறது. பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 2009 முதல் தன் கச்சேரிகளைச் சந்தா வாங்கிக்கொண்டு உலகம் முழுவதற்கும் நேரலையாகத் தருகிறது.

இனி ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். நேரலை தருகிற சபாக்களே, இது உங்களுக்கு.

எங்கள் தெருவில் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் ஒரு பையன் இருக்கிறான். பெரிய வித்வான் வாசிக்கும் நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துகொள்வான். அவனுக்குப் பாட்டைவிட மேடையின் வலது பக்கத்தில்தான் கண். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் எடுத்து, மறுபடி தட்டிப் பார்ப்பார்களே, அதை ஒரு தடவை திரை விலகுவதற்கு முன்பே கேமரா காட்டிவிட்டது. அவன் மூச்சு விடாமல் பார்த்தான். ‘எங்க சார் சொன்ன அளவைவிடக் குறைச்சலா வச்சிருக்கார் அக்கா’ என்றான். அதே கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. கேமரா பாடகர் தண்ணீர் குடிப்பதைக் காட்டியது. பிறகு ரசிகர்கள் எழுந்து கேண்டீன் பக்கம் போவதைக் காட்டியது. பிறகு திரை முழுக்க விளம்பரதாரர்களின் படங்கள். மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்கிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்ல?

தனிக்கு எழுந்து போவது மண்டபத்தில் இருக்கும் பழைய வியாதி. அதற்கு நேரலையும் துணை போக வேண்டுமா? மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு வலந்தலையில் விரல் விழும் இடம் தெரிய வேண்டும், தொப்பியில் கை எப்படி அழுந்தி நகர்கிறது என்பது தெரிய வேண்டும். மண்டபத்தில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தவருக்குக் கூட அது தெரியாது. நேரலையால் மட்டும் கொடுக்க முடிகிற ஒரு விஷயம் அது. வயலினுக்கும் வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் இதே நியாயம்தான். சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் வகுப்பு. பெரியவர்கள் கையைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேறெங்கே இருக்கிறது? விளம்பரதாரர் படத்தைத் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையாகப் போடுங்கள், கச்சேரி தொடங்கும் முன் போடுங்கள், முடிந்த பின் போடுங்கள். தனியின்மேல் போடாதீர்கள்.

அடுத்தது ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வோம். ஒலி கெட்டால் கச்சேரியே இல்லை. மண்டபத்தின் மிக்ஸரிலிருந்து வரும் ஒலியை அப்படியே இணையத்துக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மண்டபத்தில் மிருதங்கத்தின் சத்தம் மேடையிலிருந்தே நேராக வந்துவிடும். அதனால் அதன் மைக்கைக் குறைத்து வைப்பார்கள். அந்தக் கலவையே வீட்டுக்கு வந்தால் மிருதங்கம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் ஒலிக்கிறது, தம்புரா காணாமலே போகிறது. பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கியை யாராவது தெரியாமல் போட்டுவிட்டால் இன்னும் மோசம். விடாமல் ஒலிக்கும் தம்புராவின் நாதத்தை அது இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுகிறது. சுருதியே இல்லாத சங்கீதத்தை நாங்கள் என்னவென்று கேட்பது? நேரலைக்கென்று தனியாக ஒலியைக் கலக்க ஒருவரை, காது உள்ள ஒருவரை, உட்கார வையுங்கள். ரசிகர்கள் பக்கம் ஒரு மைக் வைத்து, கைதட்டல் கேட்கும் அளவுக்கு அதையும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்குக் கொடுத்தால் போதும்.

திரையில் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் போடுகிறீர்கள், நல்லது. பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் அடிக்கடி போடுங்கள். கஞ்சிரா வாசித்தவர் யார் என்று தெரிந்துகொள்ள மறுநாள் பத்திரிகை வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கட்டணத்தைப் பற்றி. இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கலைஞர்களுக்குச் சம்பாவனை வேண்டும், கேமராக்காரருக்குக் கூலி வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ச் சம்பளத்துக்கு ஏற்ற விலை வையுங்கள். முழு சீசனுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், ஒரே ஒரு கச்சேரிக்கும் டிக்கெட் கொடுங்கள். இசைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சலுகை கொடுங்கள். நாங்கள் கொடுக்கும் பணத்தில் மேடையில் இருக்கும் எல்லாருக்கும், தம்புரா போடும் பெண் உட்பட, பங்கு போகிறது என்று டிக்கெட் பக்கத்திலேயே எழுதுங்கள். அது தெரிந்தால் இரண்டு பேர் கூடுதலாகவே கொடுப்பார்கள். எங்கள் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, திரையைப் பதிவு செய்து சுற்றில் விடுவது ஆகியவை கலைஞரின் மடியிலிருந்து திருடுவது. அப்படிச் செய்கிற உறவுக்காரர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

கால அவகாசம் இன்னொன்று. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கச்சேரியை எடுத்துவிடுகிறீர்கள். சென்னையில் மாலை ஆறரை என்றால் லண்டனில் பகல் ஒரு மணி, டொராண்டோவில் காலை எட்டு. வேலை நாளில் அங்கே எந்தத் தமிழரால் உட்கார்ந்து கேட்க முடியும்? யாழ்ப்பாணத்தில் வாத்தியாரிடம் கற்றுக்கொண்டு போய், டொராண்டோவில் இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மார்கழிக் கச்சேரி அவர்களுக்கு ஊரோடு இருக்கும் ஒரு கயிறு. ஞாயிற்றுக்கிழமை வரும் வரையாவது, குறைந்தது ஒரு வாரம், அதை விட்டு வையுங்கள். நேரலையாகக் கேட்க முடிந்தவர்கள் எப்படியும் நேரலையில்தான் கேட்பார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு; இது உங்கள் கையில் பாதிதான் இருக்கிறது. 1847-ல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ ஒரு நிறுவனத்தின் பழைய பதிவோடு ஒத்துப்போகிறது என்று சமூகத் தளங்களின் தானியங்கி முறை ஒலியை நிறுத்திவிடுகிறது. தனித்தனியாக ஒவ்வொரு பாடகரும் முறையிட்டு என்ன ஆகப்போகிறது? 2020-ல் கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரு சீசனையே நடத்திய நீங்கள், இதற்கும் ஒரே குரலில் கேளுங்கள்.

எனக்கு மிக முக்கியமானதை இப்போது சொல்கிறேன். நேரலை என்றால் மாலை ஆறரை மணி நட்சத்திரங்கள் மட்டும்தான் என்று வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு மண்டபம் தானாகவே நிறையும். பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் மினி ஹாலில் பாடுகிற இளையவர்களுக்கு எதிரே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? முன்வரிசையில் அம்மா, அப்பா, குரு. பின்னால் கேண்டீன் திறக்கக் காத்திருக்கும் சிலர். வருஷக்கணக்காகச் சாதகம் செய்துவிட்டு அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுகிற பிள்ளைக்கு, நாங்கள் கேட்க வருகிறோம். எங்களில் பலரிடம் பகல் நேரம் இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லாம் பகலில் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தக் கச்சேரிகளை ஒரே ஒரு கேமராவும் நல்ல ஒலியும் வைத்து அனுப்புங்கள். தொடக்க நாளில் மங்கள வாத்தியமாக மட்டும் வைத்து, ஆட்கள் உள்ளே வந்து உட்காரும் சத்தத்துக்கு நடுவே முடித்துவிடும் நாகஸ்வரத்தையும் முழுசாக அனுப்புங்கள். நாகஸ்வரமும் தவிலும் எங்கள் பக்கத்துக் கோயில்களின் சொத்து. அதற்கு இங்கே இருக்கும் காதுகள் உங்கள் மண்டபத்தில் இருப்பதைவிட அதிகம் என்று துணிந்து சொல்வேன்.

மார்கழிப் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கச்சேரிக்கு எதிரிலும் ஒரு வரி சேருங்கள்: நேரலை உண்டா, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் வரை கேட்கலாம். பகல் கச்சேரிகளிலிருந்தே தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் இந்த வருஷமே முடியாது என்றால், எதற்கு முடியும் என்பதை நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதற்கேற்ப லீவு போட்டு, பணம் எடுத்து வைத்து, வீட்டு வேலையை ஒழுங்கு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ரசிகை